ஏழு கிலோவும் நாற்பது ரூபாயும்

ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். மேஸ்திரி வைத்திலிங்கம் அரியமுத்துவுக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அது. கோடையில் அரியலூர் சிமெண்டு குடோனில் லோடு ஏற்றியதில் நின்றுபோன காசு. கேட்கும்போதெல்லாம் மேஸ்திரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "அடுத்த பில்லு வரட்டும்ப்பா" என்பார். பில்லு வந்தது. ஆடி வந்தது, ஆவணியும் போனது. அரியமுத்துவின் காசு மட்டும் வரவில்லை.

மேஸ்திரி கெட்ட மனுசன் என்று சொல்லிவிட முடியாது. லோடு ஏற்றும்போது எவனாவது கால் தவறி விழுந்தால், தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர்தான். ஆனால் காசை முழுசாக எடுத்து நீட்ட அவருக்குக் கை வராது. ஐந்நூறு தர வேண்டிய இடத்தில் நானூற்று எண்பது தருவார். நூறு தர வேண்டுமென்றால் தொண்ணூறு. கொஞ்சமாவது பிடித்து வைத்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். குடோனில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்து என்ன செய்ய, மறுநாளும் அவரிடம்தானே வேலைக்குப் போய் நிற்க வேண்டும்.

இப்போது அரியமுத்துவுக்கு மறுநாள் என்று ஒன்று அங்கே இல்லை. சார்ஜாவுக்கு விசா வந்துவிட்டது.

வாங்கிக் கொடுத்தவன் நசீர். லெப்பைக்குடிகாட்டுக்காரன். முன்னே அரியலூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் லாரிக்கு அரியமுத்துதான் மூட்டை ஏற்றுவான். நசீர் சார்ஜா போய், ஒரு குடோனில் சூப்பர்வைசர் ஆகி, ஆள் வேண்டும் என்றதும் முதலில் நினைத்தது அரியமுத்துவைத்தான். இரண்டு வருட ஒப்பந்தம். டிக்கெட்டைக் கம்பெனியே எடுத்து அனுப்பியது.

"அண்ணே, ஒண்ணு சொல்லிடுறேன்" என்றான் நசீர் போனில். "கம்பெனி டிக்கெட்டு ரொம்ப சல்லிசான டிக்கெட்டு. பெட்டியெல்லாம் போட முடியாது. கையில தூக்கிட்டு வர்ற பை மட்டும்தான். ஏழு கிலோ. அதுக்கு மேல போச்சுன்னா கவுண்டர்லயே காசு புடுங்குவான். ஒங்க ஒரு வாரக் கூலி போயிடும்."

"ஏழு கிலோவா?" அரியமுத்து சிரித்தான். "எலே நசீரு, அம்பது கிலோ மூட்டையத் தூக்கிக்கிட்டே டீ குடிச்சவன்டா நானு. ஏழு கிலோவ எல்லாம் ஒரு எடைன்னு போன் போட்டுச் சொல்றியே."

"தூக்குறது இல்லண்ணே கஷ்டம். அதுக்குள்ள அடக்குறதுதான்."

அந்தப் பேச்சை அரியமுத்து காதில் வாங்கவில்லை. அவன் மனசெல்லாம் மேஸ்திரியின் பாக்கியில் இருந்தது. சார்ஜாவில் முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மாதமாகும் என்றார்கள். அதுவரைக்கும் மனைவி ஆண்டாயி குடும்பத்தை ஓட்ட வேண்டும். மகள் பிரவீணா பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல் சாப்பாட்டுப் பணம் தீபாவளிக்கு முன்னே கட்டியாக வேண்டும். அந்த ஏழாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தால் ஆண்டாயி யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வராமல் விமானம் ஏறிவிட்டால் அப்புறம் அது வராது. எதிரே நிற்கும்போதே தராதவர், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கா தரப் போகிறார்?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நல்ல தடிமனான நீலப் பை ஒன்று வாங்கி வந்தான். ஆண்டாயி அதில் அடுக்க ஆரம்பித்தாள். ரெண்டு புது லுங்கி, மூணு சட்டை, ஒரு கம்பளி, எவர்சில்வர் தூக்கு, தட்டு, தேங்காய் எண்ணெய், இட்லிப் பொடி, சிறுவாச்சூர் மதுரகாளி குங்குமம். அரியமுத்து ஒரு விரலைப் பையின் காதில் மாட்டித் தூக்கிப் பார்த்தான்.

"நாலு கிலோ" என்றான்.

ஆண்டாயி அதை நம்பினாள். நம்பாமல் என்ன? குடோனில் அவன் தோளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மூட்டை தோளில் விழுந்ததுமே, "இதுல அரை கிலோ கம்மிடா" என்பான். எடை மேடையில் வைத்துப் பார்த்தால் அரை கிலோ கம்மியாகவே இருக்கும். அதில் பந்தயம் கட்டி அவனிடம் டீயும் வடையும் தோற்றவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒருத்தன் வெளிநாடு போகிறான் என்று தெரிந்தால் தெருவுக்கே காலில் சக்கரம் முளைத்துவிடும். யாருக்காவது ஒரு தம்பி துபாயில் இருப்பான், ஒரு மாமன் சார்ஜாவில் இருப்பான். "ஒரு கைதான் அரியமுத்து, ஒரு கை" என்று சொல்லிக்கொண்டே பொட்டலம் வரும். முடியாது என்று சொன்னால் திமிர் பிடித்தவன், போறதுக்கு முன்னாடியே துரையாயிட்டான் என்பார்கள். பக்கத்து வீட்டு மணிவண்ணனிடமிருந்து முருங்கைக்கீரைப் பொடி வந்தது. எதிர்வீட்டிலிருந்து கருவாடு. மேலத்தெருவிலிருந்து வேர்க்கடலை, ஊறுகாய் ஜாடி. யார் வந்தாலும் அரியமுத்து கையை நீட்டி வாங்கினான். "குடுங்க, கெடக்கட்டும். எனக்கு என்ன கனமா?" எல்லாவற்றையும் பைக்குள் திணித்து, கடைசியாக ஒருமுறை விரலில் தூக்கிப் பார்த்தான்.

"ஆறரை" என்றான். "இன்னும் அரைக்கு எடம் கெடக்கு."

பயணத்துக்கு முதல் நாள் காலை நசீரின் மனைவி ரஹ்மத் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் ஒரு சின்னத் துணிப்பை. தண்ணீர் குடித்துவிட்டு அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"இவ்ளோதாண்ணே எங்க வூட்டுக்காரருக்கு. மூக்குக் கண்ணாடி. அங்க செஞ்சா காசு சாஸ்தியாம், இங்கயே செஞ்சு வாங்கியாந்தேன். நூத்தம்பது கிராம். வூட்டுலயே நிறுத்திட்டேன்."

"நிறுத்தியா?" அரியமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணாடிக்குப் போயி எடையா தங்கச்சி?"

"எங்க தெருவுல பாதி ஆம்பளைங்க வெளிநாட்டுலதான். பெட்டி கட்டணும்னா என்னையத்தான் கூப்புடுவாங்க." அவள் பார்வை நீலப் பைமேல் விழுந்தது. பை பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. "இதான் ஒங்க பையா?"

"இதான். ஆறரை கிலோ."

ரஹ்மத் துணிப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். கைப்பிடியும் கொக்கியும் வைத்த குட்டித் தராசு. கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும். பையின் காதை மாட்டி, ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் தூக்கினாள். எண் ஓடி ஓடி நின்றது.

"பதிமூணு கிலோ நானூறு" என்றாள்.

"ஒந் தராசு பொய் சொல்லுது."

"தராசுக்கு யாரும் கூலி பாக்கி வைக்கலண்ணே. அது ஏன் பொய் சொல்லப் போவுது?"

ஆண்டாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி கதையை அவள்தான் ரஹ்மத்திடம் போனில் சொல்லியிருந்தாள்.

அரியமுத்து விடவில்லை. கடையில் வாங்கிய ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்து வரச் சொல்லிக் கொக்கியில் மாட்டினான். ஒரு கிலோ காட்டியது. அவன் முகம் கொஞ்சம் இறங்கியது. ஆண்டாயிக்கு இப்போது விளையாட்டுப் பிடித்துவிட்டது. "கண்ண மூடுங்க" என்றாள். ஒரு கையில் ரெண்டு கிலோ அரிசிப் பையையும் மறு கையில் ஐந்து கிலோ பையையும் கொடுத்தாள். "எது ஜாஸ்தி?"

அவன் இரண்டையும் ஆட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றான்.

இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அரியமுத்து கண்ணைத் திறந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இருபது வருடத்துக்கு மேலாக ஐம்பது கிலோவைச் சுமந்து சுமந்து அந்த உடம்பு கனத்தை மட்டும்தான் படித்திருந்தது. அதில் அரை கிலோ ஏறினாலும் இறங்கினாலும் தெரியும். பதினைந்துக்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு எல்லாமே காற்றுதான். லேசு என்றால் எவ்வளவு லேசு என்று அந்தத் தோளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"சரி" என்றான். ஒத்துக்கொள்வதில் அவனுக்கு வெட்கம் கிடையாது. தப்பாகத் தூக்கிய மூட்டையை இறக்கித் திரும்பத் தூக்குகிற மாதிரிதான் இதுவும். "இப்ப என்ன செய்யணும், சொல்லு தங்கச்சி."

ரஹ்மத் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். முதலில் பையையே நிறுத்தினாள். வெறும் பையே ஒன்றே முக்கால் கிலோ இருந்தது. "இதுக்குப் போயி காசு குடுத்தீங்களா?" என்று ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் துணிப்பையின் அடியில் மடித்து வைத்திருந்த மெல்லிய பை ஒன்றை விரித்தாள். நசீர் போன தடவை ஊருக்குக் கொண்டு வந்ததாம். கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது.

"கம்பளி வேணாம். கம்பெனியிலயே குடுப்பாங்க. தூக்கு, தட்டு எல்லாம் அங்கயே இருக்கு. எண்ணெய், ஊறுகாய் ரெண்டும் கையில கொண்டுபோற பையில வுட மாட்டாங்க, வாசல்லயே புடுங்கிப் போட்டுருவாங்க. மூணு சட்டையில ரெண்ட போட்டுக்கங்க, ஒண்ணு மேல ஒண்ணு. ஒடம்புல கெடந்தா கணக்குல வராது."

"ரெண்டு சட்டை போட்டுக்கிட்டா மாப்ள மாதிரி இருப்பனா?"

"அடுப்புல வச்ச கொழுக்கட்ட மாதிரி இருப்பீங்க. பரவால்ல."

கருவாட்டுப் பொட்டலத்தை அவள் இரண்டு விரலால் தூக்கினாள். "இத எடுத்துட்டுப் போனீங்கன்னா பிளேன் பாதியில திரும்பி வந்துடும்."

அரியமுத்து விடமாட்டேன் என்றது ஒன்றே ஒன்றுக்குத்தான். மூட்டை தூக்கும்போது தோளில் மடித்துப் போடும் தடித்த துண்டு. எத்தனை தடவை துவைத்தாலும் அதன் நூலுக்குள் சிமெண்டு சாம்பல் இருக்கும். "சுமக்கத்தானே போறேன். இது இல்லாம போயி நின்னா என்னைய எவனும் லோடுமேன்னே நம்ப மாட்டான்." ரஹ்மத் துண்டை வாங்கி மடித்து அவனிடமே நீட்டினாள். "கழுத்துல போட்டுக்கங்க" என்றாள்.

தெருப் பொட்டலங்கள்தான் பாக்கி. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய பாடு. "ஒருத்தர்து எடுத்துட்டு ஒருத்தர்து வுட்டா பகை வந்துரும் ஆண்டாயிக்கா" என்றாள் ரஹ்மத். "எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் போடணும்."

ஆண்டாயி தராசையும் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் பொட்டலத்தைக் கொக்கியில் மாட்டி எண்ணைக் காட்டினாள். அவள் வாயால் சொல்லியிருந்தால் சண்டைதான். தராசு சொன்னதால் யாரும் பேச முடியவில்லை. "ஒரு கைதான்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு கை அள்ளிக்கிறேன்" என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி எடுத்துப் பேப்பரில் மடித்து, மிச்சத்தை அவரவர் தின்பதற்கே விட்டுவிட்டு வந்தாள். கருவாட்டு வீட்டில் மட்டும் ஒரு கை கூட எடுக்கவில்லை. அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அது எப்படியும் அடுத்த வாரம் சரியாகிவிடும்.

எல்லாம் அடுக்கி முடித்து, கண்ணாடிப் பொட்டலத்தைத் துணிக்கு நடுவில் வைத்து, மெல்லிய பையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஐந்து கிலோ.

"ரெண்டு வருசத்துக்கு அஞ்சு கிலோ" என்றான் அரியமுத்து. பையைத் தோளில் போட்டு இரண்டு அடி நடந்து பார்த்தான். ஏதோ மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. "ரெண்டு கிலோ எடம் சும்மா கெடக்கே."

"கெடக்கட்டும்ணே. எடம் இருந்தா வேலைக்கு ஆவும்."

அந்த இடத்துக்கான வேலை சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது. மேஸ்திரி வைத்திலிங்கம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பெட்ரோல் டாங்கின் மேல் சணல் கட்டிய ஒரு பெரிய அட்டைப் பெட்டி.

"ஏம்ப்பா அரியமுத்து, சொல்லாமக் கொள்ளாமப் பறந்துருவ போலருக்கே!" என்று அரியலூருக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். "எம் மருமவன் அசோக்கு சார்ஜாவுலதான இருக்கான். தல தீபாவளி. அவனுக்கு லீவு குடுக்கல. பலகாரமும் துணிமணியுமாவது போய்ச் சேரணும்ல? சம்பந்தி வூட்டுல நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாரு."

ஆண்டாயி சட்டென்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிதானமாக எழுந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"ஒக்காருங்க மேஸ்திரி. ஆண்டாயி, டீ போடு."

ரஹ்மத் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். "பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள்.

அரியமுத்து பெட்டியைக் கொக்கியில் மாட்டினான். "நாலே கால்" என்றான். "மேஸ்திரி, எங்கிட்ட ரெண்டு கிலோவுக்குத்தான் எடம்."

"அட, ஒனக்கா கனம்? அம்பது கிலோவ அசால்ட்டாத் தூக்குறவன்!"

"நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தராசு ஒத்துக்கல."

ரஹ்மத் சணலை அவிழ்த்தாள். அட்டைப் பெட்டிக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் அதிரசமும் முறுக்கும். வேட்டி சட்டைக்குத் தனி அட்டை, அதற்குள் ஒரு தடித்த அட்டை, ஊசி, பிளாஸ்டிக் காலர். அத்தனையையும் உரித்தாள். பலகாரத்தைப் பிளாஸ்டிக் கவரில் மாற்றி, துணியை ஒரு சுருட்டாகச் சுருட்டினாள். மறுபடி தூக்கியபோது, "ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன" என்றாள். மேஸ்திரி தன் மருமகன் சீர் சுருங்கிப் போனதை எட்டி எட்டிப் பார்த்தார்.

"அப்ப சரியாப் போச்சுல்ல?" என்றார். "எடுத்துட்டுப் போயிடுப்பா."

"கண்டிப்பாப் போவும் மேஸ்திரி" என்றான் அரியமுத்து. "அடுத்த பிளேன் வரட்டும்."

"என்னது?"

"நான் ஒங்ககிட்டக் கேக்குறப்ப நீங்க என்ன சொல்லுவீங்க? அடுத்த பில்லு வரட்டும்பீங்க. இதுவும் அப்பிடித்தான்."

வாசலில் நின்ற மணிவண்ணன் பக்கென்று சிரித்துவிட்டான். மேஸ்திரி கை, பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. "தீபாவளி நேரம்ப்பா, கையில சுத்தமா…"

"எனக்கும் தீபாவளிதான். எம் பொண்ணு ஹாஸ்டல்ல சாப்புடணும்." அரியமுத்து குரலை உயர்த்தவில்லை. இத்தனை மாதம் இந்த மனுசன் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறான். இன்றைக்கு ஏன் தலை சொறிய வரவில்லை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஏழாயிரத்து முந்நூத்து நாப்பது. வச்சீங்கன்னா ஒங்க மருமவன் தீபாவளிக்கு அதிரசம் திம்பான்."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் போன் அடித்தது. மனைவி கொளஞ்சியம்மாள். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் வாசல்வரை வந்தது. "குடுத்தாச்சா? அதிரசத்த அழுத்த வேணாம்னு சொன்னீங்களா?"

"அக்கா, நான் அரியமுத்து பேசுறேன்" என்று அவன் இருந்த இடத்திலிருந்தே சொன்னான். "அதிரசம் பத்திரமா இருக்கு. மேஸ்திரி எனக்குக் கொஞ்சம் கூலி பாக்கி தரணும். அதான் பேசிக்கிட்டு இருக்கோம்."

"பாக்கியா? எத்தினி மாசமா?"

"சித்திரையிலேர்ந்துக்கா."

போனில் குரல் இன்னும் ஏறியது. "யோவ், கூலிக்காரன் காசப் புடிச்சி வச்சிக்கிட்டு அவன் தோள்லயே எம் மருமவனுக்குச் சீர் ஏத்துறியா? வூட்டுக்கு வா, இருக்கு ஒனக்கு."

மேஸ்திரி போனை அணைத்தார். அவர் டீயைக் குடிக்கவே இல்லை. ஆண்டாயியின் நம்பரைக் கேட்டு வாங்கி, போனிலேயே ஐந்தாயிரம் போட்டார். "இதுக்கு மேல இன்னிக்குப் போவாதுப்பா. மீதிய நாளைக்கு நீ பிளேன் ஏர்றதுக்குள்ள போட்டுர்றேன். சத்தியமா."

"சரி" என்றான் அரியமுத்து. "பார்சல் நாளைக்கு ஆண்டாயி கையில திருச்சி ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வரும். காசு வந்துச்சுன்னா எம் பைக்குள்ள போவும். வரலன்னா ஆண்டாயி திரும்பி வரும்போது கூடவே வந்துரும். இது அடுத்த பில்லு மாதிரி இல்ல மேஸ்திரி. நாஞ் சொன்னா சொன்னதுதான்."

ரஹ்மத் போகும்போது தராசை ஆண்டாயி கையில் கொடுத்தாள். "ஏர்போர்ட்டு வரைக்கும் வச்சுக்கங்கக்கா. கடைசி நேரத்துல வேணும். அப்புறமா வந்து வாங்கிக்கிறேன், இன்ஷா அல்லாஹ்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூரில் மதுரகாளி கோயிலுக்கு வந்த கூட்டம் பஸ் நிறைய இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார். "எங்கண்ணே, ஏர்போர்ட்டுக்கா? லக்கேஜ் மேல போட்டுருக்கீங்களா?"

அரியமுத்து மடியில் இருந்த பையைத் தட்டிக் காட்டினான். "இதான்."

"இதானா? வேளாங்கண்ணிக்குப் போறவங்களே இத விட நாலு பை கொண்டு வருவாங்களே."

பாடாலூர் தாண்டும்போது மழை தூறியது. இரண்டு சட்டைக்குள் அவன் வேர்த்துக்கொண்டிருந்தான். ஆனால் தோள் மட்டும் என்னமோ மாதிரி இருந்தது. பல்லுப் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி, கை அடிக்கடி தோளைத் தொட்டுப் பார்த்தது. அங்கே துண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பழகினால் இதுவும் பிடித்துப்போகும் என்று நினைத்துக்கொண்டான்.

ஏர்போர்ட் வாசலில் போலீஸ்காரர் டிக்கெட் வைத்திருப்பவர்களை மட்டும் உள்ளே விட்டார். பெரிய பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் போனார்கள். ஆண்டாயி ஒரு கையில் பலகாரக் கவரும் ஒரு கையில் போனுமாக நின்றாள். காசு வரவில்லை.

"போன் போடட்டா?"

"வேணாம். கேட்டுக் கேட்டு வாங்குறது நேத்தோட முடிஞ்சு போச்சு."

"நேரம் ஆவுதுங்க. நீங்க உள்ள போங்க. பார்சல நான் திருப்பிக் கொண்டுபோயி அவர் மூஞ்சிலயே குடுத்துக்கிறேன்."

"இன்னும் நேரம் கெடக்கு. ஒக்காரு." தூணோரமாக இருந்த திட்டில் அவன் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்துக்குப் பேச வேண்டியதை அப்போது பேசியிருக்கலாம். பேசவில்லை. பிரவீணாவுக்கு எந்தத் தேதியில் பணம் கட்டணும், கூரையில் எந்த ஓடு ஒழுகுது என்று இரண்டு மூன்று விஷயம் சொன்னான். அவள் தலையாட்டிக்கொண்டாள். கவரை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் அவன் துண்டின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள்.

போன் ஒரு சத்தம் கொடுத்தது.

ஆண்டாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் புருவம் ஏறியது. "ரெண்டாயிரத்து முந்நூறு போட்டுருக்கார். நாப்பது கொறையுது."

அரியமுத்து தலையை அண்ணாந்து சிரித்தான். போலீஸ்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். "கை வரல பாத்தியா அவருக்கு! பொண்டாட்டி திட்டியும், மருமவன் சீரு வாசல்ல நின்னும், நாப்பதப் புடிச்சு வச்சாத்தான் மனுசனுக்குச் சோறு எறங்கும்!"

"கூப்புட்டுக் கேக்குறேன் இருங்க."

"விடு. மொதல்ல பார்சல வை."

பையைத் திறந்து, சுருட்டிய வேட்டியை ஓரத்தில் செருகி, பலகாரக் கவரை மேலே வைத்தான். ஜிப் போட்டுக் கொக்கியில் மாட்டினான். எண் ஓடி நின்றது. ஏழு கிலோ நூற்றைம்பது.

இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் நூற்றைம்பது கூடுதல், அந்தப் பக்கம் நாற்பது குறைச்சல். ஆண்டாயி இட்லிப் பொடியை எடுக்கக் கையை நீட்டினாள். அவன் அவள் கையைத் தடுத்தான்.

"அதிரசம் கடையில என்ன வெல?"

"ஒண்ணு பத்து ரூவா."

அரியமுத்து ஜிப்பைத் திறந்து, கவருக்குள் கையை விட்டு, நல்ல பெரிய அதிரசமாகப் பார்த்து நான்கை எடுத்தான். இரண்டை ஆண்டாயி கையில் வைத்தான். பையை மூடிக் கொக்கியில் மாட்டினான். ஆறு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

அவள் ஒரு வாய் கடித்தாள். மென்றுகொண்டே அவனைப் பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, ஆனால் வாயில் அதிரசம் இருக்கும்போது அழவும் முடியவில்லை. "கொளஞ்சியக்கா பாகு நல்லாத்தான் எடுத்துருக்கு" என்றாள்.

அவன் இரண்டையும் நின்றபடியே தின்று முடித்தான். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் போட்டான்.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிடு" என்றான். "ஏழாயிரத்து முந்நூத்து நாப்பதும் வந்து சேந்துருச்சுன்னு."